கிண்ணம் நிறைய உமி

ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், தீனிக் கிண்ணம் விளிம்புவரை நிறைந்திருப்பதைக் கண்டு, புதிதாக எதுவும் போடாமல் அலுவலகம் கிளம்பிவிட்டேன். மாலையில் திரும்பி வந்தபோது இரண்டும் இறகை உப்பவைத்துக்கொண்டு கூண்டின் ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தன. சந்தேகத்தோடு கிண்ணத்தை எடுத்து ஊதிப் பார்த்தேன். மேலே கிடந்ததெல்லாம் பறந்துபோய் அடியில் பத்துப் பதினைந்து தினைமணிகளே மிஞ்சின. காலையில் நான் பார்த்துவிட்டுப் போனது தீனியை அல்ல, வெறும் உமியை. முப்பது நாற்பது கிராம் எடையே உள்ள பறவைக்கு ஓரிரு நாள் பட்டினியே உயிருக்கு ஆபத்தாகிவிடும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்த பட்ஜெரிகர்கள்தாம். லவ் பேர்டு என்ற பெயருக்கு உரிய பறவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. காட்டில் புல்விதைகளைப் பொறுக்கித் தின்று வாழும் பட்ஜெரிகருக்கு, அதே புல்லினத்தைச் சேர்ந்த தினையும் சாமையும் பனிவரகும் இயல்பாகவே ஒத்துப்போகின்றன. அது தின்னும் விதத்தை ஒருமுறை அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்: மணியை மேலலகின் உட்புறத்தில் வைத்து, நாக்கால் உருட்டிக்கொண்டே கீழலகின் விளிம்பால் உமியைப் பிளந்து தள்ளிவிட்டு, உள்ளிருக்கும் அரிசியை மட்டும் விழுங்குகிறது. புறா தானியத்தை முழுதாக விழுங்குவதால் அதை இரைப்பையில் அரைக்க அதற்குச் சிறுகல் தேவைப்படுகிறது. உமி நீக்கியே தின்னும் பட்ஜெரிகருக்கு அந்தத் தேவை இல்லை.

எனவே வாங்கும்போது கவனிக்க வேண்டியது உமியைத்தான். சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக 2023 அறிவிக்கப்பட்டபின் மளிகைக் கடைகளிலெல்லாம் தினை கிடைக்கிறது என்றாலும், அது பெரும்பாலும் உமி நீக்கித் தீட்டிய தினையரிசி. பொங்கலுக்கு அது நன்று. பறவைக்கு உமியுள்ள முழுத் தினையே வேண்டும். உமி போனால் உள்ளிருக்கும் கொழுப்பு காற்றுப்பட்டு விரைவில் சிக்குவாடை அடிக்கும், அலகுக்கும் வேலை இல்லாமல் போகும். தினை, சாமை, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றுக்கு இயல்பிலேயே கெட்டியான உமி உண்டு. கம்பும் கேழ்வரகும் போரடிக்கும்போதே உமி கழன்றுவிடும் தானியங்கள் என்பதால், உமியில்லாத கம்பைப் பார்த்துக் கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

வாங்கிய தானியம் உயிருள்ளதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு தேக்கரண்டித் தினையை இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி, அவ்வப்போது அலசி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். பாதிக்குமேல் முளைவிடாவிட்டால் அது பழைய சரக்கு. முளைத்ததைப் பறவைகளுக்கே கொடுக்கலாம், அவை அடித்துப் பிடித்துத் தின்னும். ஆனால் நம் வெயிலில் முளைதானியம் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும் என்பதால், மிச்சத்தைக் கிண்ணத்தில் விட்டுவைக்கக் கூடாது.

கலவைத் தீனி என்று பொட்டலத்தில் வருவதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. தினை, பனிவரகு, கேனரி விதை, உரித்த ஓட்ஸ், சூரியகாந்தி என்று ஐந்தாறு வகை இருந்தாலும், பறவை தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கிவிட்டு மற்றவற்றைக் கீழே தள்ளிவிடுகிறது. ஆகையால் பொட்டலத்தில் இருக்கும் கலவை வேறு, அதன் வயிற்றுக்குள் போகும் கலவை வேறு. சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. தினையிலோ நூறு கிராமுக்கு நான்கு கிராம் அளவே. கூண்டுக்குள் பறக்க இடமின்றி உட்கார்ந்திருக்கும் பறவை சூரியகாந்தியையே தின்றுகொண்டிருந்தால் கல்லீரலில் கொழுப்பு படியும். என் வீட்டில் தினையும் பனிவரகும் பெரும்பங்கு, கேனரி விதை கொஞ்சம். சூரியகாந்தி, கைக்கு வந்து வாங்கினால் மட்டும் ஓரிரு மணி. ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி போதும்.

எவ்வளவு நல்ல தானியமானாலும் அது மட்டுமே உணவாகிவிடக் கூடாது. தானியத்தில் வைட்டமின் ஏ மிகக் குறைவு, சுண்ணாம்புச் சத்தும் போதாது. முட்டையிடும் பெட்டைக்கு இந்தக் குறை, முட்டை வெளிவராமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும் முட்டை அடைப்பில் கொண்டுபோய் விடலாம். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கட்டிவிடுகிறேன். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓடு ஒன்று எப்போதும் கூண்டில் தொங்குகிறது. அவகாடோவும் சாக்லேட்டும் பறவைக்கு நஞ்சு.

கூண்டடியில் சிந்திய தினையை ஒருமுறை மாடித் தொட்டியில் கொட்டினேன். மூன்று மாதத்துக்குள் நரிவால்போல் வளைந்த கதிர்கள் தொங்கின. பால் பிடித்திருந்த ஒரு கதிரை அறுத்துக் கூண்டுக் கம்பியில் செருகியபோது, ஆண் பறவை அதில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அரை மணி நேரம் இறங்கவே இல்லை. அடுத்த வாரம் மிச்சக் கதிர்களைத் தேடி நாலைந்து பச்சைக்கிளிகள் வந்துவிட்டன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி கூண்டில் வளர்க்கக் கூடாத பறவை அது. வானத்திலிருந்து வந்து தின்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. தினைப்புனத்தில் கிளி கடியச் சங்ககாலப் பெண்கள் தழல், தட்டை, குளிர் என்னும் கிளியோட்டும் கருவிகளை வைத்திருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். என்னிடம் இருந்தது ஒரு பழைய கொசுவலை. இரண்டு கதிரை வெளியே விட்டுவிட்டு மற்றவற்றின்மேல் அதைப் போர்த்திக் கட்டினேன்.