மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

காவலர் தேர்வுக்கு அறிவிப்பு வந்ததும் ஊர் மைதானங்கள் விடிவதற்கு முன்பே நிரம்பிவிடும். உடல் தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள். அக்னிவீர் ஆள்சேர்ப்பு என்றால் 1.6 கிலோமீட்டர்; ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழுசாக 60 மதிப்பெண். முதல் மூன்று வாரம் எல்லாருக்கும் நேரம் குறைந்துகொண்டே வரும். அதற்கப்புறம்தான் ஒவ்வொருவராக ஓரமாக உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை அமுக்கிப் பார்க்க ஆரம்பிப்பார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர்களே பெரும்பாலும் அப்படி உட்காருகிறார்கள்.

உடம்பில் எல்லாம் ஒரே வேகத்தில் பயிற்சிக்குப் பழகுவதில்லை. ரத்தம் சில நாட்களில் மாறுகிறது, தசை சில வாரங்களில், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் எலும்பும் மாதக் கணக்கில். மூச்சு வாங்குவது குறைந்துவிட்டது என்பதை வைத்துத் தூரத்தைக் கூட்டுகிறோம். எலும்பு இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. அடிபடுவது இந்த இடைவெளியில்தான்.

ஓட ஆரம்பித்த ஒரு வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா சுமார் பத்து சதவீதம் கூடிவிடும். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் கூடுவதால், ஒரு துடிப்பில் அது வெளியே தள்ளும் அளவும் கூடுகிறது. அதனால்தான் போன வாரம் ஓடிய அதே வேகத்தில் இந்த வாரம் நாடித்துடிப்பு குறைவாக இருக்கிறது. சிவப்பணுக்கள் அவ்வளவு சீக்கிரம் பெருகாது, அதற்குச் சில வாரங்கள் வேண்டும். ஆகவே இந்தக் கட்டத்தில் ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கித் தெரியலாம். அது நீர்த்துப்போனதன் கணக்கு. ஆனால் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இந்தக் காரணத்தைச் சொல்லி விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகையோடு எவ்வளவு ஓடினாலும் நேரம் குறையாது.

அடுத்தது தசை. ஆக்சிஜனை வைத்துச் சக்தி எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் தொடர் ஓட்டத்தால் பெருகும். 1967-ல் ஜான் ஹாலோசி என்ற ஆய்வாளர் எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தபோது, தசையில் இந்த வேலையைச் செய்யும் நொதிகள் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தன. மனிதர்களுக்கு நாலைந்து வாரத்தில் இது நன்றாகவே தெரியும். 7 நிமிட ஓட்டத்தில் பெரும்பங்கு சக்தி ஆக்சிஜன் வழியாகத்தான் வருகிறது. மெதுவாக ஓடுவதை நேர விரயம் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது எலும்புக்கு வருவோம். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்ற வேகத்தில் ஓடினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு காலுக்கு மட்டும் ஏறத்தாழ ஐந்நூறு அடிகள். எலும்பில் இதனால் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழும். விழுவது தப்பில்லை, எலும்பு பலப்படுவதே அப்படித்தான். ஆனால் பழுதுபார்க்கும் முறையைக் கவனியுங்கள்: ரோடு போடுகிறவர்கள் முதலில் பழைய தாரைச் சுரண்டி எடுப்பதுபோல, எலும்பை அரிக்கும் செல்கள் முதலில் வந்து பழுதான பகுதியைத் தோண்டுகின்றன. இதற்கு மூன்று வாரம் வரை ஆகும். புது எலும்பை வைக்கும் செல்கள் அதன் பிறகு வேலையைத் தொடங்கி, முடிக்க மூன்று மாதம் போல எடுத்துக்கொள்ளும். அதாவது பயிற்சி தொடங்கிய முதல் மாதத்தின் கடைசியில் உங்கள் முன்னெலும்பு ஆரம்பித்த நாளைவிடச் சற்றே பலவீனமாக இருக்கக்கூடும். சரியாக அதே நாட்களில்தான் மூச்சு நன்றாகப் பழகி, இன்னும் இரண்டு ரவுண்டு போகலாம் என்று தோன்றும்.

ராணுவங்களுக்கு இது பழைய செய்தி. ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855-லேயே நீண்ட அணிநடைக்குப் பிறகு வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது பாத எலும்பில் விழுந்த விரிசல் என்று தெரிந்தது.

வலி வந்துவிட்டால் விரலால் தடவிப் பாருங்கள். முன்னெலும்பின் உள்பக்க ஓரத்தில், கீழ்ப்பகுதியில், நாலைந்து விரல் அகலத்துக்கு நீளமாக வலித்து, ஓடத் தொடங்கும்போது இருந்து சூடேறியதும் குறைந்தால், அது பெரும்பாலும் எலும்பை ஒட்டிய உறையின் எரிச்சல். ஓடுவதைப் பாதியாகக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றினால் சில வாரங்களில் அடங்கும். ஒரே ஒரு புள்ளியில், விரல் நுனி வைத்த இடத்தில் சுரீரென்று வலித்தாலோ, ஓட ஓட வலி கூடினாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டாலோ, விரிசல் என்றே வைத்துக்கொண்டு அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். இங்கே ஒரு பெரிய ஏமாற்றம் உண்டு: முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் விரிசல் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரே நார்மல் என்று கையில் கிடைத்ததும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடி, முழு முறிவாக்கிக்கொள்பவர்கள் உண்டு. எம்ஆர்ஐ எடுத்தால் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

நிறுத்துவது என்றால் படுத்துவிடுவது இல்லை. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில் இருபது வயதை ஒட்டிய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். அவர்களால் உச்ச அளவில் எடுக்க முடிந்த ஆக்சிஜன் கால்பங்குக்கு மேல் குறைந்துபோனது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, முப்பது வருட வயது ஏற்றம்கூட அந்த மூன்று வாரப் படுக்கை அளவுக்கு அவர்களைக் குறைத்திருக்கவில்லை. காலில் வலி உள்ளவர்கள், வலி தராத வரைக்கும், சைக்கிள் மிதிக்கலாம், கிணற்றிலோ குளத்திலோ நீந்தலாம். எலும்பு ஆறும், மூச்சும் கைவிட்டுப் போகாது.

குதிகால் நாணும் தாமதக்காரன்தான். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. கடும் பயிற்சி முடிந்த முதல் ஒரு நாள், ஒன்றரை நாளுக்கு அதில் சேருவதைவிடச் சிதைவதே அதிகம். வேக ஓட்டத்தை அடுத்தடுத்த நாளில் வைக்கக் கூடாது என்று பயிற்சியாளர்கள் சொல்வதில் இந்த நியாயம் இருக்கிறது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை உயர்த்தி, மூன்று விநாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். முழங்காலை நீட்டி ஒரு சுற்று செய்தால், லேசாக மடித்தும் செய்யுங்கள். கெண்டைக்காலின் அடித்தசைக்கு வேலை அப்போதுதான் போகிறது. ஓட்டத்தில் அதிகச் சுமை தாங்குவது அந்தத் தசை.

என்னைக் கேட்டால் தேர்வுக்கு நான்கு மாதம் வேண்டும். முதல் மாதம் வாரத்துக்கு மூன்று நாள், மண் தரையில் அரை மணி நேரம், இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். இரண்டாம் மாதம் நடையைக் குறைத்து, தொடர்ச்சியாக இருபத்தைந்து நிமிடம் ஓடும் அளவுக்கு வாருங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள், உடம்பு எவ்வளவு லேசாக இருந்தாலும் சரி. வேகம் மூன்றாம் மாதத்தில்தான். 7 நிமிடம் என்றால் 400 மீட்டர் சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. 1:45-ல் ஒரு சுற்று, இரண்டு நிமிடம் நடை, இப்படி நான்கு தடவை, வாரத்துக்கு ஒரே நாள். மற்ற நாட்கள் பழையபடி மெதுவான ஓட்டம். தினமும் 1500 மீட்டரை முழு வேகத்தில் ஓடி நேரம் பார்ப்பது, பயிற்சி செய்யாமல் தேர்வு மட்டும் எழுதிக்கொண்டிருப்பதுதான்.

சாப்பாட்டில் இரண்டு விஷயம். வெறும் வயிற்றில் ஓடி, மதியம் வரை டீயோடு ஓட்டும் பழக்கம் எலும்பைத் தின்னும். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. காலைக் கூழோ களியோ அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. பயிற்சி தொடங்கிய பிறகு மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ, செலவுக்கேற்ற உணவு போகவில்லை என்று உடம்பு சொல்கிறது. அந்த நிலையில் எலும்பு அடர்த்தி குறையும். பல பெண்கள் இதை யாரிடமும் சொல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்; தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள்.

பழக்கமே இல்லாதவரை முதல் நாளே நூற்றுக்கணக்கில் பஸ்கியும் தண்டாலும் எடுக்கவைப்பது ஆபத்து. மறுநாள், அதற்கு மறுநாள் வரும் சாதாரண உடல்வலி லாக்டிக் அமிலத்தால் வருவதில்லை. அந்த அமிலம் ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். வலி தசை இழைகளின் நுண்காயத்தால் வருவது, மூன்று நாலு நாளில் போய்விடும். ஆனால் தசை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அன்றைக்கே.

தேர்வுக்கு முந்தைய பத்து நாள் தூரத்தைப் பாதியாக்கி, வேகத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். புது ஷூ வேண்டாம். தேர்வு வெயிலில் நடக்கும் என்று தெரிந்தால், அதற்கு முன்பே இரண்டு வாரம் அந்த நேரத்து வெயிலில் மெதுவாக ஓடிப் பழகுங்கள். வியர்வை சீக்கிரம் வரவும், அதில் உப்பு குறையவும் உடம்புக்குப் பத்து முதல் பதினான்கு நாள் தேவைப்படும்.