ஆடி அமாவாசைக்குக் கீரிமலை போகிறவர்களுக்கு

"என்ரை சாம்பலைக் கீரிமலையிலைதான் கரைக்கவேணும்" என்று சொல்லிவிட்டுக் கண்மூடிய தகப்பன்மார் கனடாவிலும் லண்டனிலும் எத்தனை பேர்! அதற்காகவே ஆடி அமாவாசைக்கு யாழ்ப்பாணத்து வடகரைக் கீரிமலைக்குப் போகிறவர்கள் முதலில் பஞ்சாங்கத்தைப் பார்க்கவேணும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கமும் சில வருடங்களில் ஒரு நாள் முன்பின்னாக வரும். தீர்த்தம் எந்த நாளென்று ஊரில் கேட்டபிறகே ரிக்கெற் போடுங்கள். சாம்பல் கொண்டுபோனால் தகனச் சான்றிதழ் கைப்பையில் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியில் இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை வரை நினைவு பிசகாது. மாவிட்டபுரத்துக்கு அங்காலைதான் தடுமாற்றம். 1990 இல் போரால் சனம் உடுத்த உடுப்போடு எழும்பிய வலிகாமம் வடக்கு, இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமாகிப் பிறகு துண்டு துண்டாகத்தான் விடுபட்டது. பல இடங்களில் வேலியுமில்லை, ஒழுங்கையுமில்லை. சின்ன வயதில் வெளிக்கிட்டவர்கள் மரத்தைக் குறிவைத்துக் காணி தேடி ஏமாறுவார்கள். கிணற்றைத் தேடுங்கள். வீட்டை இடித்தாலும் கிணறு இடம் மாறாது. தூர்ந்திருந்தாலும் கட்டுத் தெரியும். காணி உறுதியின் பிரதியும் நில அளவைப் படமும் கையில் இருந்தால், பக்கத்துக் கோயிலிலிருந்து எல்லையைக் கணக்குப் பண்ணலாம். பற்றைக்குள் மட்டும் இறங்காதீர்கள். மிதிவெடி எடுத்தாயிற்று என்றாலும் ஆள் நடந்த தடத்திலேயே கால் வையுங்கள்.

அமாவாசையன்று மாவிட்டபுரக் கந்தனும் தீர்த்தமாடக் கீரிமலைக்கு எழுந்தருளுவார் என்பதால் சனம் சொல்லி மாளாது. விடியப்புறமே போய்விடுங்கள். வாகனம் நிறுத்தியதும் "தர்ப்பணமோ?" என்று கையைப் பிடித்து இழுப்பவர்கள் பின்னால் போனால், பத்துப் பேரை ஒன்றாய் இருத்தி ஓட்டமாய் முடித்துவிடுவார்கள். தட்சணையை இருக்கமுன்னமே பேசிவிடுங்கள். தகப்பன், பேரன் (தகப்பனின் தகப்பன்), பூட்டன் (பேரனின் தகப்பன்) பெயர்களைக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நெரிசலில் பூட்டன் பெயர் மறந்துபோகும். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவகோத்திரம்.

எள்ளுந்தண்ணியும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவால் விழவேணும். ஈரக்கையில் எள்ளு ஒட்டிக்கொண்டு நிற்கும், உதறாதீர்கள். தண்ணீரைக் கொஞ்சம் கூட விட்டால் தானாய் வழுகி விழும். பிண்டத்தைக் கடலில் விட்டு முழுகியபிறகு, கரையிலுள்ள நன்னீர்க் கேணியில் குளியுங்கள். சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் கடல் விளிம்பில் ஊற்றாய் வருகிற புண்ணியத் தீர்த்தம் அது, சவர்க்காரம் போடாதீர்கள். படியில் பாசி பிடித்திருக்கும், அடியில் கல்லு; பொடியளைக் குதிக்க விடாதீர்கள். பெண்களுக்குத் தனிக்கேணி உண்டு.

பிறகு பக்கத்திலுள்ள சிவன்கோயில், நகுலேஸ்வரம். 1990 இல் குண்டு விழுந்து சிதைந்த கோயில், திரும்பக் கட்டி எழுப்பியது. மோட்ச அர்ச்சனைக்கு ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். அப்பாவின் பெயரை மூலஸ்தானத்துக்கு முன்னால் சொல்ல வாயெடுத்தால் தொண்டை அடைக்கும். அந்தக் கடதாசியையே நீட்டுங்கள், ஐயர் வாசிப்பார். கற்பூரம் எழும்ப லிங்கம் ஒருக்காத் துலங்கும். பின்னால் நிற்பவர் தள்ளினாலும் தள்ளட்டும், அசையாதீர்கள். நகுலேஸ்வரா! நகுலாம்பிகைத் தாயே! வீடு போனது, காணி போனது, நீங்கள் போகவில்லையே. எங்கள் தகப்பன்மாரை உங்கள் கடலில் ஏற்றுக்கொண்டீர்களே, இதற்குமேல் என்ன கேட்கக் கிடக்கு!

விரதச் சாப்பாட்டுக்குக் காத்தோட்டிக்காயை முதல் நாளே சந்தையில் வாங்கி வையுங்கள். அன்றைக்குப் போனால் கிடைக்காது, கிடைத்தாலும் அறா விலை.