18 வியாழக்கிழமைகள்

தம்பியின் மனநோய்க்குக் குளோசபின் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மதுரை டாக்டர் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "அது ரத்தத்தைக் கெடுக்கிற மருந்தாமே?" எப்போதோ பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி சொன்னதை அம்மா இத்தனை காலமும் முந்தானையில் முடிந்துவைத்திருந்தார். அந்த முடிச்சை அவிழ்க்காமல் விட்டதில் எனக்கும் பங்குண்டு.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி ஆண்டு படிக்கும்போது, 21 வயதில், அவனுக்கு மனச்சிதைவு நோய் வந்தது. ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், பிறகு ஹாலோபெரிடால். ஒன்று தூங்க வைத்தது, ஒன்று எடையைக் கூட்டியது, ஒன்று கையை நடுங்க வைத்தது. அவன் காதில் கேட்ட குரல்கள் மட்டும் போகவில்லை. அவை அவன் அறை மின்விசிறியிலிருந்து வந்தன. அதனால் இரண்டு கோடைகளாக அந்த விசிறி ஓடவே இல்லை. சரியான அளவில், ஆறு வாரமாவது, இரண்டு மருந்துகள் கொடுத்தும் பலனில்லை என்றால் குளோசபினை யோசிக்க வேண்டும் என்பது மருத்துவ வழக்கம். எங்களுக்கு அது ஆறாவது ஆண்டில்தான் வாய்த்தது. முந்தைய டாக்டர் ஒருமுறை பேச்செடுத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

நவம்பரில் தொடங்கினோம். முதலில் ரத்தப் பரிசோதனையும் இசிஜியும். பிறகு 25 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, இரவில். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. வாரம் ஒருமுறை ரத்தம், 18 வாரங்களுக்கு. காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் கிழமை பார்க்காமல் அன்றே பரிசோதனை. "சிகரெட்டை நிறுத்துவதானால் என்னிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்" என்றார் டாக்டர். புகையை விட்டால் ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு ஏறிவிடுமாம். உடனே நிறுத்து என்று அதட்டாத டாக்டரை அன்றுதான் பார்த்தேன்.

முதல் வியாழனே சறுக்கியது. லேபில் வெள்ளை அணுக்களின் டோட்டல் கவுண்ட் மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். வேண்டியது அவற்றில் கிருமிகளை எதிர்க்கும் வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை. மறுபடியும் ஊசி. அதிலிருந்து கணக்கை நானே போடக் கற்றுக்கொண்டேன்: மொத்தம் 7,400, நியூட்ரோஃபில் 62 சதவீதம், ஆக 4,588. 1,500க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்த வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட வரம்பு. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இந்த எண்கள் வரிசையாக ஏறின.

லேப் பெஞ்சில் காத்திருந்த நேரங்களில்தான் இந்த மருந்தின் கதையைப் படித்தேன். 1975இல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்டவர்களில் 8 பேர் வெள்ளை அணுக்கள் குறைந்து, தொற்று வந்து இறந்துபோக, பல நாடுகளில் இதை ஓரங்கட்டிவிட்டார்கள். இதை மீட்டுக்கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் நியூயார்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜான் கேன். 1988இல் வெளியான அவர் குழுவின் ஆய்வில் 268 நோயாளிகள். குளோசபின் சாப்பிட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கு ஆறு வாரத்தில் குணம் தெரிந்தது. குளோர்புரோமசின் என்ற பழைய மருந்தைச் சாப்பிட்டவர்களில் 4 சதவீதம். மறு ஆண்டே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

எனக்கு அந்த 30ஐவிட வேறொன்று உறைத்தது. ஏற்கெனவே பல மருந்துகள் பலிக்காதவர்களுக்கே கேன் மறுபடியும் ஆறு வாரம் ஹாலோபெரிடால் கொடுத்துப் பார்த்தார். உண்மையிலேயே மருந்துக்குக் கேட்காதவர்கள்தானா என்று உறுதி செய்துகொண்டு பிறகுதான் ஆய்வில் சேர்த்தார். ஆறு வாரத்தில் அவர் சலித்தெடுத்ததை நாங்கள் ஆறு ஆண்டுகளாகச் சலிக்காமலே வைத்திருந்தோம்.

பொங்கலுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது. வழக்கமான கடையில் "நாளைக்கு வந்துவிடும்" என்றார்கள். அந்த நாளை காணும்பொங்கல் தாண்டித்தான் வந்தது. மூன்று இரவுகள் தவறின. கையில் மாத்திரை கிடைத்ததும் பழைய அளவான 200 மில்லிகிராமை அப்படியே கொடுக்கப் போனேன். ஏதோ தோன்றி டாக்டரைப் போனில் கேட்டேன். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 12.5இலிருந்துதான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும் என்றார். பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்த மாதிரி. அன்றுமுதல் வீட்டில் பத்து நாள் மாத்திரை எப்போதும் உபரியாக இருக்கிறது.

ரத்தம் எங்களைப் பயமுறுத்தவே இல்லை. படுத்தியது எச்சில்தான். தினமும் காலையில் தலையணை உறை நனைந்திருக்கும். துண்டு விரித்துப் படுத்தான். அப்புறம் மலச்சிக்கல். அதை அலட்சியப்படுத்தினால் குடல் இயங்காமல் நின்று உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். தினமும் காலையில் "போனாயா?" என்று கேட்பேன். 27 வயது ஆணை அக்கா இப்படிக் கேட்டால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

மார்ச் நடுவில் 18ஆவது வியாழன் முடிந்தது. இனி மாதம் ஒருமுறை, மருந்து சாப்பிடும் காலம்வரை. குரல்கள் அடியோடு போய்விடவில்லை. சாயங்காலங்களில் வருகின்றன என்கிறான். வேலைக்குப் போகிற நிலையும் இன்னும் இல்லை.

அன்று இரவு அவன் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றுகொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, "ஏதாவது கேட்கிறதா?" என்றேன்.

"கேட்கிறது அக்கா. பேரிங் போயிருக்கிறது" என்றான்.