சுருண்ட தபால்தலைகளை நிமிர்த்தும் வேலை: இதுவரை நடந்தது

ஆல்பத்தில் கோணலாக நின்ற தபால்தலைகளைத் தனியே எடுத்து, இந்த மழைக்காலம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வருகிறேன். பெரும்பாலும் இந்தியத் தபால்தலைகள், கொஞ்சம் பிரிட்டிஷ். முதலில் மூன்று குவியலாகப் பிரித்தேன்: ஒரே வாக்கில் சுருண்டவை, ஓரம் மட்டும் அலை அலையாக நெளிந்தவை, மடிப்பு விழுந்தவை. மூன்றுக்கும் காரணம் வேறு என்பதால் மூன்றையும் ஒரே மாதிரி அழுத்தி வைத்துப் பயனில்லை.

காகிதம் இயந்திரத்தில் உருவாகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையிலேயே படிகின்றன. ஈரம் பட்டால் நார் நீளத்தில் அவ்வளவாக வளராது, பருமனில்தான் உப்பும். மழைக்காலத்தில் மரக்கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும் இப்படி அகலத்தில் உப்பித்தான். தபால்தலையும் நாருக்குக் குறுக்கே விரிந்து, காய்ந்தால் அதே வாக்கில் சுருங்கும். பின்னால் பசையும் இருந்துவிட்டால் இரண்டு அடுக்குகள் ஆளுக்கொரு அளவில் சுருங்குகின்றன. வறண்ட ஏசி அறையில் வைத்த புதுத் தபால்தலை, பசைப்பக்கம் உள்ளே போகும்படி குழாயாகச் சுருள்வது இதனால்தான். அந்தக் குழாய் நீளும் திசைதான் பெரும்பாலும் நாரின் திசை.

அச்சகங்களே இந்தத் தொல்லையோடு போராடியிருக்கின்றன. அமெரிக்க அரசு அச்சகம், ரோட்டரி இயந்திரத்தில் அடித்த தபால்தலைகள் சுருளாமல் இருக்க, பசையை வேண்டுமென்றே வரிவரியாக உடைத்துவிட்டது. 1930களின் அமெரிக்கத் தபால்தலையைத் திருப்பிச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் அந்தக் கோடுகள் தெரியும். அது சேதம் இல்லை, பிறவி அடையாளம்; அதை அழுத்தி மறைக்க முயலக் கூடாது. பிரிட்டன் 1968இல் மரப்பிசினான கம் அராபிக்கை விட்டு பி.வி.ஏ. என்ற செயற்கைப் பசைக்கு மாறத் தொடங்கியது. என்னிடம் இருக்கும் பிரிட்டிஷ் தபால்தலைகளில் அதற்கு முந்தையவைதான் அதிகம் சுருண்டிருக்கின்றன.

முத்திரை விழுந்தவற்றில் ஆரம்பித்தேன், ஏனென்றால் அங்கே பசையைக் காப்பாற்றும் கவலை இல்லை. கழுவி விற்கும் பாக்கெட்டுகளில் வந்தவைதான் இதில் அதிகம். கூர்ந்து பார்த்தால் பலவற்றின் பின்பக்கத்தில் லேசான பளபளப்பு தெரிந்தது. பசை முழுதும் போகாமலே காயவைத்திருக்கிறார்கள். மிச்சமிருக்கும் அந்தப் படலம் காய்ந்து இழுக்கிறது. இவற்றை எத்தனை கனமான புத்தகத்தின் அடியில் வைத்தாலும் எடுத்த சில நாளில் மறுபடி வளையும். அதனால் எல்லாவற்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, விரலில் வழுவழுப்பு தட்டாமல் போகும் வரை தண்ணீரை மாற்றினேன். நனைந்த காகிதம் சுலபமாகக் கிழியும் என்பதால் டாங்ஸ் என்ற சிறு இடுக்கியை விட உள்ளங்கையில் ஏந்தி எடுப்பதே நல்லது.

காயவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. படம் கீழே பார்க்கும்படி வெள்ளை உறிதாளின் மேல் பரப்பி, மேலே நிற்கும் நீர் போனதும், தொட்டால் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்போதே அடுத்த உறிதாளுக்கு நடுவே மாற்றி மேலே கண்ணாடிப் பலகை வைத்தேன். காற்றிலேயே முழுக்கக் காயவிட்டால் வந்த வளைவு அப்படியே நின்றுவிடும். செய்தித்தாள் மட்டும் வேண்டாம், மை ஏறிவிடும். மறுநாள் எடுத்தபோது ஏறக்குறைய எல்லாமே தட்டையாக இருந்தன, இன்றுவரை அப்படியே இருக்கின்றன.

தண்ணீர் காட்டக் கூடாதவை என்று ஒரு சின்னக் கட்டை முன்பே ஒதுக்கிவிட்டேன். 1883–84இல் வந்த பிரிட்டிஷ் ஊதா, பச்சை வரிசை அதில் முதலாவது. பழைய முத்திரையைக் கழுவி மறுபடி ஒட்டுவதைத் தடுக்கவே கரையும் மையில் அச்சிட்டார்கள். பச்சை நிறம் தண்ணீரில் வெளுத்துவிடும். நம் அஞ்சல் துறை 2006இல் வெளியிட்ட சந்தன மணத் தபால்தலையையும் அதே கட்டில்தான் வைத்திருக்கிறேன். சிவப்பு, ஊதா உறைகளோடு ஒட்டியிருப்பவற்றின் சாயம் பரவும் என்பதால் அவற்றைத் தனித்தனியாகத்தான் ஊறவைக்க வேண்டும்.

அப்புறம் பசையோடு கூடிய புதுத் தபால்தலைகள். இவற்றுக்கு ஈரமான ஸ்பாஞ்ச் வைத்த மூடிய டப்பாவைத்தான் பலரும் சொல்வார்கள். உள்ளே ஈரப்பதம் 100 சதவீதத்தை நெருங்கிவிடும், பசை இளகிப் பளபளப்பு மாறும். நான் ஸ்பாஞ்சுக்குப் பதிலாகக் கல் உப்பைப் பயன்படுத்துகிறேன். ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பைக் கொட்டி, அது முழுதும் கரையாமல் சேறு மாதிரி நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டால், மூடிய டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதம் அளவில் நிலைத்து நிற்கும். சாதாரண உப்புக் கரைசலின் குணமே அது. ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதற்கும் இதே வழிதான்.

கிண்ணத்துக்கு மேலே பிளாஸ்டிக் வலை, அதன் மேல் பசைப்பக்கம் மேலே பார்க்கத் தபால்தலை. சோதனைக்கு 1980களின் மலிவான இந்தியத் தபால்தலைகளை எடுத்துக்கொண்டேன். சில மணி நேரத்தில் குழாய் தானாகவே திறந்துகொள்கிறது. விரலால் ஒருபோதும் விரிக்கக் கூடாது, பசையோடு காகிதமும் வெடிக்கும். திறந்ததும், பசைப்பக்கத்தில் கேக் செய்யப் பயன்படும் சிலிகோன் பூசிய தாள், படத்தின் பக்கம் உறிதாள், மேலே லேசான எடை, ஒரு வாரம் அப்படியே. பெரும்பாலானவை நிமிர்ந்தன. சில, ஏசி ஓடும் அறைக்குக் கொண்டுபோனதும் லேசாக வளைந்து, ஸ்டாக் புக்குக்குள் (ஒட்டாமல் பட்டைகளில் செருகி வைக்கும் ஆல்பம்) வைத்ததும் அடங்கின. அது எனக்குப் போதும். பசை கெடாமல் கொஞ்சம் வளைந்திருப்பது, பசை கெட்டுத் தட்டையாக இருப்பதைவிட மேல்.

1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி வரிசையில் ஒன்றரை அணா என்னிடம் பசையோடு இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அடித்தது. ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது. அதை உப்பு டப்பாவுக்குள் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். ஸ்டாக் புக்கில் முழுப் பக்கத்துக்கு நடுவே வைத்து, அலமாரியின் ஈரப்பதத்தை 50 சதவீதம் அருகே பிடித்து வைத்திருக்கிறேன். மெல்ல இறங்கி வருகிறது.

மினியேச்சர் ஷீட்டுகளில், அதாவது அகலமான ஓரத்தோடு சிறு தாளாக வெளியிடும் தபால்தலைகளில், பாதி வெற்றிதான். ஓரம் மட்டும் வெளியே தெரியும்படி உறையில் கிடந்தவை அவை. ஓரம் ஈரத்தைக் குடித்து விரிந்தது, நடுப்பகுதி விரியவில்லை. கிளாசைன் என்ற வழவழப்பான மெல்லிய தாளாலான உறையே ஈரத்தில் நெளிந்து, உள்ளே இருப்பதையும் தன் வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. உறைகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அலை குறைந்தது, ஆனால் சாய்ந்த வெளிச்சத்தில் இன்னும் தெரிகிறது.

மடிப்புகளில் நார் உடைந்திருக்கிறது. ஊறவைத்து அழுத்தினால் கண்ணுக்கு மறையும். காகிதத்துக்குள் இருக்கும் வாட்டர்மார்க் (நீர்க்குறி) பார்க்கும் திரவத்தில் போட்டால் கோடு கறுப்பாக வந்து நிற்கும். அப்படி நிமிர்த்திய தபால்தலையை மாற்றுக்குக் கொடுக்கும்போது மடிப்பு உண்டு என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொடுப்பது ஏமாற்று. இஸ்திரிப் பெட்டியை யாராவது பரிந்துரைத்தால் கேட்க வேண்டாம்; சூட்டில் பசையும் கெடும், சில நிறங்களும் மாறும்.

சென்னையில் நவம்பரில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம் என்பதால் இப்போது ஆல்பங்கள் எல்லாம் நிமிர்ந்த வாக்கில், நெருக்கமில்லாமல், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் நிற்கின்றன. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறியதும் சூடாக்கித் திரும்ப வைக்கிறேன். மிச்சம் இருப்பது முதல் நாள் உறைகள், அதாவது தபால்தலை வெளியான அன்றே ஒட்டி முத்திரை குத்திய உறைகள். ஒட்டிய தபால்தலை காய்ந்து உறையையே இழுத்து வளைத்திருக்கிறது, முத்திரை மை வேறு அதன்மேல் இருக்கிறது. ஊறவைக்க முடியாது. அதே உப்பு டப்பாவின் பெரிய அளவு ஒன்றை அவற்றுக்காகத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். முதலில் மலிவான உறைகள்தான் உள்ளே போகும்.