மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் நடுவே

ஒரு படத்துக்கோ ஆவணப்படத்துக்கோ இசையமைக்க ஒப்புக்கொண்டதும், தயாரிப்புத் தரப்பிலிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் எத்தனை நாளில் முடியும் என்பதுதான். அது நியாயமான கேள்வி. ஒலிப்பதிவுக் கூடத்தை முன்கூட்டியே பிடிக்க வேண்டும், வயலின் குழுவினருக்குக் கால்ஷீட் சொல்ல வேண்டும், பாடகர் ஊரில் இருக்கும் நாளைக் கேட்டு வைக்க வேண்டும். மிக்ஸிங்குக்கு என்று ஒரு தேதியும் அதற்குள் குறிக்கப்பட்டிருக்கும். சென்னையில் பல இசையமைப்பாளர்களிடம் உதவியாளராகவும், எல்லா வாத்தியங்களுக்குமான இசைக்குறிப்பை (ஸ்கோர்) எழுதுபவனாகவும், பிறகு தனியாகவும் வேலை பார்த்த காலம் முழுவதும் இந்தக் கேள்வி என்னோடு வந்திருக்கிறது. அதற்கு ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நாட்கள் எதற்குச் செலவாகின்றன என்று நாங்கள் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. பேசினால் பல சங்கடங்கள் குறையும் என்று நம்புவதால் இதை எழுதுகிறேன்.

கம்போசிங்கில் இயக்குநர் காட்சியைச் சொல்லி முடித்த சிறிது நேரத்திலேயே பல்லவி பிறந்துவிடுவதைப் பக்கத்தில் அமர்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். ஆர்மோனியத்தில் விரல் ஓடும், சொற்கள் இல்லாமல் 'தன தன' என்ற தத்தகாரத்தில் ஒரு வரி வரும், அதைக் கேட்ட அறையே நிமிர்ந்து உட்காரும். பார்ப்பவர்களுக்கு அது அதிசயமாகத் தெரியும். ஆனால் அந்த விரல்களுக்குள் அதற்கு முன் வாசித்த ஆயிரக்கணக்கான பிடிகள், அதாவது சிறு சுரத்தொடர்கள், இருக்கின்றன. எடுத்துக்கொண்ட ராகமே எந்தச் சுரத்தில் நின்று பேசலாம், எதைத் தொட்டுவிட்டு நகர வேண்டும் என்று பாதி வழியைக் காட்டிவிடுகிறது. பல்லவி, இடையிசை, சரணம் என்ற அமைப்பும் முன்பே தயாராக இருக்கிறது. எனவே அந்தச் சில நிமிடங்களை மட்டும் அளந்து, மெட்டுக்கு ஆன நேரம் இவ்வளவுதான் என்று சொல்வது சரியான கணக்கு ஆகாது.

சரணத்தில்தான் நேரம் போகும். பல்லவிக்கு முன்னால் எதுவும் இல்லாததால் அது எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். சரணமோ பல்லவி நிலைநிறுத்திய இடத்தை விட்டு விலகித் தொடங்க வேண்டும், ஆனாலும் வேறு பாட்டாகிவிடக் கூடாது. மேல் ஸ்தாயிக்கு ஏறினால் பாடுபவரின் குரலுக்கு எட்ட வேண்டும். கடைசி வரி, பல்லவியின் எடுப்பு (தொடங்கும் இடம்) தாளத்தின் முதல் அடியான சமத்தில் விழுகிறதோ அரை இடம் தள்ளி விழுகிறதோ, அந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தது தெரியாமல் இயல்பாக வந்து சேர வேண்டும். பல்லவி பத்து நிமிடத்தில் அமைந்த பாட்டில், சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்பும் அந்த இரண்டு பார்களுக்காக (தாளச் சுற்றுகளுக்காக) ஒரு முழுப் பிற்பகல் கரைந்ததைப் பார்த்திருக்கிறேன். பாட்டைக் கேட்பவர் அந்த இடத்தைக் கவனிக்கவே மாட்டார். அவர் கவனிக்காதபடி செய்யத்தான் அத்தனை நேரமும்.

மெட்டு முடிந்தபின் தொடங்கும் வேலையை ஓரளவு கணக்கிட முடியும். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில், நான்கு அடி கொண்ட தாளத்தில், ஒரு நிமிட இசை என்பது 30 பார்கள். வாத்தியங்களுக்கு 20 வரிகள் உள்ள ஸ்கோர்த் தாளில் அதை எழுதினால் 600 கட்டங்கள் ஆகின்றன. வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பதும் ஒரு முடிவே என்பதால், காலியாக விடும் கட்டத்தையும் யோசித்துத்தான் விட வேண்டியிருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே பார்ட், அதாவது அதை வாசிப்பவருக்கான குறிப்புத் தாள், எடுக்க வேண்டும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் பார்ட்களைக் கையால் காப்பி எடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். இன்று மென்பொருள் அதைச் சில நொடிகளில் பிரித்துத் தந்துவிடுகிறது. அந்த வசதியை நான் நன்றியோடு பயன்படுத்துகிறேன். ஆனாலும் அதனால் இல்லாமல் போன ஒன்றும் உண்டு. காப்பி எடுப்பவரே அந்த இசையின் முதல் வாசகராக இருந்தார். எழுதிக்கொண்டே வந்து, "தம்பி, இங்கே குழல்காரர் எங்கே மூச்சு விடுவார்?" என்று நிமிர்ந்து கேட்பார். அந்தக் கேள்வி ஒலிப்பதிவுக் கூடத்தில் வீணாகியிருக்கக்கூடிய நேரத்தை முந்தைய நாள் இரவிலேயே மிச்சப்படுத்திவிடும். மென்பொருள் மிச்சப்படுத்திய நேரமும் இசைக்கு வந்து சேரவில்லை. "இன்னொரு வடிவம் காட்டுங்கள்" என்ற வேண்டுகோளை அது எளிதாக்கிவிட்டதால், நேரம் அங்கே போய்விட்டது.

பின்னணி இசையில் வேறு விதமான தாமதம் உண்டு. படத்தொகுப்பு இறுதியாகாமல் இசை எழுதினால், ஒரு காட்சியில் இரண்டு வினாடி குறைந்தாலும் அதற்கேற்ப வேகத்தையோ பார்களின் எண்ணிக்கையையோ மாற்ற வேண்டும்; மாற்றினால் இசை ஏறிச் சேர வேண்டிய இடம் தள்ளிப்போய்விடும். தொகுப்பின்போது தற்காலிகமாக வேறொருவரின் இசையை ஒட்டி வைத்துப் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. மாதக்கணக்கில் அதோடு சேர்த்தே காட்சியைப் பார்த்த இயக்குநருக்கு, புதிதாக எழுதிய எதுவும் முதலில் அந்நியமாகத்தான் ஒலிக்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், காதின் இயல்பு அது. ஆனால் அவர் காதிலிருந்து பழைய இசை இறங்குவதற்கு ஆகும் நாட்களும் இசையமைப்பாளரின் கணக்கில்தான் எழுதப்படுகின்றன.

வேகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் துறையில் உடனே எடுத்துக்காட்டப்படுபவர் ஐரோப்பிய இசையமைப்பாளர் ஹேண்டல். 1741 ஆகஸ்ட் 22-இல் தொடங்கிய 'மெசையா' என்ற கூட்டுக்குரல் இசைப் படைப்பை அவர் செப்டம்பர் 14-இல், 24 நாட்களில், முடித்தார். இரண்டரை மணி நேரம் வரை நீளும் இசை அது. ஆனால் அதன் பெயர் பெற்ற கூட்டுப்பாடல்கள் சிலவற்றின் பிடிகளை அவர் அதே ஆண்டு ஜூலையில் எழுதிய இத்தாலிய இருகுரல் பாடல்களில் பார்க்கலாம். 1742 ஏப்ரலில் டப்ளினில் அரங்கேறிய பிறகும், பாடகர்கள் மாறும்போதெல்லாம் அவர் அதை மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். அந்த 24 நாள் உண்மைதான். அதற்கு முன்னும் பின்னும் நடந்த வேலையும் அதே அளவுக்கு உண்மை.

மோட்சார்ட்டின் கதை இன்னும் தெளிவானது. 1783 அக்டோபர் இறுதியில் லின்ஸ் நகருக்கு வந்து சேர்ந்தவர், நவம்பர் 4-இல் அங்கே கச்சேரி இருந்ததாலும் கையில் சிம்பொனி எதுவும் இல்லாததாலும், அந்தச் சில நாட்களுக்குள் புதிதாக ஒன்றை எழுதி முடித்தார். அதே மோட்சார்ட், மூத்த இசையமைப்பாளர் ஹைடனுக்குச் சமர்ப்பித்த ஆறு நால்வர் இசைகளை (நான்கு தந்தி வாத்தியங்களுக்கானவை) 1782-க்கும் 1785-க்கும் இடையே எழுதினார். நீண்ட, கடினமான உழைப்பின் பயன் என்று சமர்ப்பண உரையில் அவரே அவற்றைக் குறிப்பிடுகிறார்; கையெழுத்துப் படிகளில் அடித்தல் திருத்தல்கள் நிறைய இருக்கின்றன. ஒரே மனிதர், ஒரே திறமை, ஏறக்குறைய ஒரே காலம். நான்கே வாத்தியங்கள் என்பதால் நேரம் குறையவில்லை. தான் மிகவும் மதித்த ஒருவரின் காதுக்குப் போகிறது என்பதால் கூடியது.

ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் முதல் சிம்பொனிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதைப் பலர் தயக்கத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கில் தெரிவது வேறு. 1862-இல் அவர் முதல் பகுதியின் ஒரு வடிவத்தைத் தன் தோழியும் பியானோ கலைஞருமான கிளாரா ஷூமானுக்கு அனுப்பியபோது, இன்று நாம் கேட்கும் அந்தக் கனத்த முன்னுரைப் பகுதி அதில் இல்லை. 1868 செப்டம்பரில் கிளாராவின் பிறந்தநாளுக்கு அனுப்பிய மலைக்கொம்பு மெட்டு, கடைசிப் பகுதியில் கொம்பு வாத்தியத்தில் வந்து அமர்ந்தது. 1876 நவம்பரில் கார்ல்ஸ்ரூவில் அரங்கேறிய பின்னும், அச்சாகும் முன் மெதுவான பகுதியைத் திருத்தி எழுதினார். அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் அதையே எழுதிக்கொண்டிருக்கவில்லை. வேறு பல இசைகளை முடித்திருக்கிறார். ஒன்றை எழுதி வைத்துவிட்டு விலகிப்போய், வேறொரு காதோடு திரும்பி வந்திருக்கிறார்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். இசை எழுதுபவனுக்கு வேலை செய்யும் நேரத்தைவிட அதிகமாகத் தேவைப்படுவது, வேலை செய்யாமல் விலகியிருக்கும் இடைவெளி. ஒரு மெட்டைத் தொடர்ந்து திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தால் அதில் உள்ள எல்லாமே சரி என்று காது ஏற்றுக்கொண்டுவிடும். தவறான திருப்பம்கூடப் பழக்கத்தால் இனிமையாகிவிடும். அப்போது இன்னும் ஆறு மணி நேரம் உட்கார்ந்தாலும் பயனில்லை. மறந்துவிட்டுத் திரும்பும் காதுதான் தீர்ப்புச் சொல்லும். வேறு சுருதியில் வாசித்துப் பார்ப்பது, வாத்தியமே இல்லாமல் நடந்துகொண்டே பாடிப் பார்ப்பது என்று குறுக்குவழிகள் சில உண்டு. நானும் அவற்றைக் கையாள்கிறேன். அவை ஓரளவுக்குத்தான் உதவும்.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு சிறிய ஆவணப்படத்துக்கு இசையமைத்தபோது இது எனக்கு மிகத் தெளிவாக விளங்கியது. சுத்த தன்யாசியில், புல்லாங்குழலுக்கும் ஒரு செல்லோவுக்குமாக, முகப்பு இசை ஒரே அமர்வில் வந்துவிட்டது. இயக்குநருக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுத்த நாளே பதிவு செய்துவிடலாம் என்றார். அதே இசை படத்தின் முடிவிலும் வர வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, பாத்திகளில் தண்ணீர் நின்று, வேலை நின்றுபோகும் காட்சி அது. மெட்டு 'ம க ச' என்று இறங்கி ஆதார சட்ஜத்தில் அழகாக முடிந்தது. குழல் வாசிக்க வர வேண்டிய கலைஞர் வெளியூரில் இருந்ததால் பதிவு தள்ளிப்போயிற்று. நான் வேறொருவர் படத்துக்குப் பார்ட் எடுக்கும் வேலையில் மூழ்கிவிட்டேன். திரும்பி வந்து கேட்டபோது அந்த முடிவு பொருந்தவில்லை என்பது முதல் தடவையிலேயே தெரிந்தது. சட்ஜத்தில் முடிந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று கேட்கும். அங்கே எதுவும் முடியவில்லை. மழைக்காலம் கழிந்ததும் அந்தப் பெண்கள் விடியும் முன்பே அதே பாத்திகளுக்குத் திரும்புவார்கள், அதுவரை வேலையில்லா மாதங்களைக் கடக்க வேண்டும். கடைசி இறக்கத்தை முழுவதுமாக நீக்கி, 'நி ப' என்று பஞ்சமத்தில் நிறுத்தினேன். பேனாவால் செய்த வேலை சில நொடிதான். குழல் கலைஞர் வந்து வாசித்துப் பார்த்துவிட்டு, "கடைசிப் பஞ்சமத்துக்குக் கமகம் வேண்டாம், நேராகவே விட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். காட்சியை அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை. அவர் கேட்டபடியே பதிவு செய்தோம்.

காலக்கெடு தீங்கானது என்று நான் சொல்லவில்லை. கெடு இல்லாவிட்டால் எங்களில் பலர் எதையும் முடிக்கவே மாட்டோம். 1723-இல் லைப்சிக்கில் பொறுப்பேற்ற பாக், முதல் சில ஆண்டுகள் ஏறக்குறைய வாரம் ஒரு தேவாலயக் கான்டாட்டாவை (குரல்களுக்கும் வாத்தியங்களுக்குமான பல பகுதி இசையை) எழுதி, பார்ட் எடுத்து, ஒத்திகை பார்த்து, ஞாயிற்றுக்கிழமை நிகழ்த்தியிருக்கிறார். அவருக்கு அமைப்பு தெரிந்திருந்தது. பாடுவோரும் வாசிப்போரும் யார் யார் என்று தெரிந்திருந்தது. பள்ளி மாணவர்களும் குடும்பத்தாரும் காப்பி எடுத்துக் கொடுத்தார்கள். முன்பு எழுதியவற்றை வேறு சொற்களுக்குப் பொருத்திக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. நம் திரைப்பட இசையின் வேகமும் இப்படிப்பட்ட ஏற்பாடுகளால்தான் சாத்தியமாயிற்று. வில்லை எங்கே மேலே இழுக்க வேண்டும், எங்கே கீழே என்று குறிக்காமலே ஒன்றுபோல் வாசித்த வயலின் குழுவினரோடு நான் வேலை செய்திருக்கிறேன். அவர்கள் பல ஆண்டுகள் சேர்ந்து வாசித்துச் சேர்த்த நேரத்தைத்தான் நாங்கள் ஒரு காலைக் கால்ஷீட்டில் செலவழித்தோம்.

கர்நாடக இசையில் இந்தக் கேள்வியே வேறு வடிவம் எடுக்கிறது. நாம் இன்று பாடும் பழைய கிருதிகளின் சங்கதிகளில் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்களில்) எவை இயற்றியவருடையவை, எவை சீடர்களும் பின்வந்த வித்வான்களும் சேர்த்தவை என்று பிரித்துச் சொல்வது பல இடங்களில் கடினம். அங்கே ஓர் உருப்படி பாடப்பாட வளர்கிறது. திரைப்பாட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பதிவான வடிவமே இறுதி வடிவம். அதனாலேயே பதிவுக்கு முன் கிடைக்கும் இடைவெளியை நான் பெரிதாக நினைக்கிறேன்.

சம்பளப் பேச்சில் இது வேறு விதமாக உறுத்தும். தன் கண்முன்னே பத்து நிமிடத்தில் அமைந்த மெட்டுக்கு இத்தனை பணமா என்று ஒரு தயாரிப்பாளர் வெளிப்படையாகவே கேட்டதுண்டு. இளம் இசையமைப்பாளர்கள் இதற்கு அஞ்சி, முதல் நாளே கிடைத்த நல்ல மெட்டை மறைத்து வைத்து, ஒரு வாரம் கழித்துக் காட்டுகிறார்கள். அவர்கள் மறைக்க வேண்டியதில்லை. முதல் நாளே காட்டிவிட்டு, அந்த வாரத்தைத் தங்கள் காதுக்காகக் கேட்டு வாங்கலாம்.

இப்போது எத்தனை நாள் என்று யாராவது கேட்டால், நான் சில விவரங்களைத் திருப்பிக் கேட்கிறேன்: படத்தொகுப்பு முடிந்துவிட்டதா, மொத்தம் எத்தனை நிமிட இசை, எத்தனை பேர் நேரில் வாசிக்கிறார்கள், வரிகள் முதலிலா மெட்டு முதலிலா. பிறகு மெட்டை ஒப்படைக்கும் நாளையும் ஒலிப்பதிவு நாளையும் தனித்தனியாகக் குறித்து, நடுவில் ஒரு வாரத்தையாவது காலியாக விடச் சொல்கிறேன். அண்மையில் ஒரு தயாரிப்பு நிர்வாகி, அட்டவணையில் அந்தக் காலி வாரத்தைச் சுட்டிக்காட்டி, கூடத்தை வேறு படத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். தாராளமாகக் கொடுங்கள், மெட்டைப் பாடலாசிரியருக்கு மட்டும் அனுப்பிவிடுங்கள், அவர் வரிகளோடு வரும்வரை எனக்கு யாரும் அதைப் போட்டுக் காட்ட வேண்டாம் என்றேன். அவரும் அப்படியே குறித்துக்கொண்டார்.