ஏரி போனாலும் களிமண் போகவில்லை

ஸ்ட்ரக்சுரல் டிசைன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது, 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ சிட்டியில் பதிவான இரண்டு அதிர்வு வரைபடங்களை. ஒன்று பல்கலைக்கழக வளாகத்தில், எரிமலைப் பாறை மேல் பதிவானது. அங்கே உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 3.5 சதவீதம் அளவுதான். இன்னொன்று டெஷ்கோகோ ஏரி இருந்த களிமண் மேல் பதிவானது. அங்கே சுமார் 17 சதவீதம். ஒரே நகரம், ஒரே நிலநடுக்கம். அதன் மையமோ 350 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கரையோரம்.

அந்த இடத்தில் களிமண் கிட்டத்தட்ட 40 மீட்டர் தடிமன். குறுக்கலை, அதாவது மண்ணைப் பக்கவாட்டில் அசைக்கும் அதிர்வலை, அதில் விநாடிக்கு 80 மீட்டர் வேகத்தில்தான் போகும். தடிமனை நான்கால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் 2 விநாடி வரும்; மண் ஒருமுறை முன்னும் பின்னும் ஆட எடுக்கும் நேரம் அது. மண் அந்தத் தாளத்தில்தான் ஆடியது. சாதாரண மண் பலமாகக் குலுங்கினால் ஆற்றலைக் கொஞ்சமாவது உறிஞ்சிவிடும். தண்ணீரில் ஊறிய இந்தக் களிமண் அதைக்கூடப் பெரிதாகச் செய்யவில்லை. ரப்பர் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

கட்டடம் ஒருமுறை ஆட எடுக்கும் நேரத்துக்கு, மாடிக்கு 0.1 விநாடி என்பது எங்கள் தோராயக் கணக்கு. பன்னிரண்டு மாடி என்றால் 1.2 விநாடி. சுவர்கள் விரிசல் விட்டதும் கட்டடம் தளர்ந்து அதன் தாளம் இன்னும் நீளும், மண்ணின் 2 விநாடியை நோக்கி. இரண்டு தாளமும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும். ஆறு முதல் பதினைந்து மாடிக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன. 44 மாடி டோரே லத்தினோஅமெரிக்கானா நின்றது.

2017-இல் அதே செப்டம்பர் 19, ஆனால் மையம் மிக அருகில். இந்த முறை அடி ஏரியின் மேற்கு ஓரத்தில், களிமண் மெலிந்த பகுதியில். மெல்லிய மண்ணுக்குத் தாளம் வேகம், அதனால் உயரம் குறைந்த கட்டடங்கள் மாட்டிக்கொண்டன.

சரி, தடிமன் தெரிந்தால் போதுமா? 1995 நிலநடுக்கத்தில் ஜப்பானின் கோபேயில் கடும் சேதம் ஒரு குறுகிய பட்டையாக விழுந்தது. நிலநடுக்கத்தை உண்டாக்கிய பாறைப் பிளவுக்கு நேர்மேலே அல்ல, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கடல் பக்கம் தள்ளி. கீழிருந்து ஏறிய அலையும், மலையடிவாரத்தில் படுகையின் (மண் நிரம்பிய பாறைப் பள்ளத்தின்) ஓரத்திலிருந்து பக்கவாட்டில் பரவிய அலையும் அங்கே ஒன்றுசேர்ந்து வலுத்தன. போர் போட்டு எடுத்த மண் மாதிரியில் இது தெரியவே தெரியாது. அதனால் ஆற்றுச் சமவெளி ஊர்களின் வேலை வந்தால், மண் ரிப்போர்ட்டோடு படுகையின் ஆழத்தையும் ஓரத்தையும் காட்டும் புவியியல் வரைபடத்தையும் கேட்கிறேன். எதற்கு என்று கேட்பவர்களுக்கு கோபேயின் சேத வரைபடத்தை அனுப்புகிறேன்.