குளுட்-1 பரிசோதனையும் கீட்டோ உணவும்: எங்களுக்கு இடித்த இடங்கள்

மூளைக்குள் சர்க்கரை சரியாகப் போகாத குளுட்-1 குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கக் குழந்தைக்கு முதுகுத்தண்டு நீர் எடுக்கப் போகிறார்களா? முதுகில் ஊசி போடுவதற்கு முன்பே கையில் இரத்தம் எடுத்துவிட்டார்களா, அந்த இரத்தத்துக்குச் சர்க்கரைப் பரிசோதனை எழுதியிருக்கிறதா, இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள். எங்களிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. அதனால் என் மகள் அந்த ஊசியை இரண்டு முறை தாங்க வேண்டியதாயிற்று. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அவளுக்கு வலிப்பு பெரும்பாலும் காலையில், வெறும் வயிற்றில்தான் வரும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிடும். எம்ஆர்ஐ, ஈஇஜி, மருந்து மாற்றம் எல்லாம் பார்த்தாயிற்று. சாப்பிட்டால் தெளிகிறாள் என்று நான் சொன்ன அன்றுதான் குழந்தை நரம்பியல் மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் பெரியவர்களுக்கே, ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. குழந்தைகளுக்கு இந்தப் பங்கு இன்னும் மிக அதிகம். சாதாரண நாட்களில் மூளைக்கு முக்கிய எரிபொருள் குளூக்கோஸ். அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் போக குளுட்-1 என்ற புரதம் வேண்டும். அந்தப் புரதம் குறைந்தால், இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும்போதே மூளை பட்டினி கிடக்கும். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் டி விவோவும் உடன் பணிபுரிந்தவர்களும் 1991-இல் இரண்டு குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள்.

முதுகுத்தண்டு நீரில் இருக்கும் சர்க்கரை இரத்தச் சர்க்கரையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். இந்தக் குறைபாட்டில் பெரும்பாலும் பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே இரண்டு எண்களும் ஒரே நேரத்தவையாக இருந்தால்தான் கணக்கு நிற்கும். 4 முதல் 6 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இரத்தத்தை முதலில் எடுக்க வேண்டும், ஏனென்றால் ஊசிக்குப் பயந்து குழந்தை அழுதாலே இரத்தச் சர்க்கரை ஏறிவிடும்.

எங்களுக்கு நடந்தது இதுதான். இரத்தம் எடுத்தார்கள், முதுகு நீரும் எடுத்தார்கள். மாலையில் ரிப்போர்ட் வாங்கப் போனால் முதுகு நீர்ச் சர்க்கரை 34 என்று இருக்கிறது, இரத்தச் சர்க்கரைக்கு நேரே கோடு போட்டிருக்கிறது. லேப் கவுன்டரில் இருந்தவர், “பில்லுல சுகர் போடலியே மேடம், அதான் பாக்கல” என்றார். எடுத்த இரத்தத்தில் இப்போதாவது பாருங்கள் என்றேன். சாதாரணக் குழாயில் எடுத்தது, இத்தனை மணி நேரத்தில் சர்க்கரை இறங்கியிருக்கும், பார்த்துப் பயனில்லை என்றார். அது உண்மைதான். சர்க்கரைக்கு ஃபுளோரைடு கலந்த சாம்பல் மூடிக் குழாய் என்று தனியாக உண்டு. ஆனால் அடுத்து அவர் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை: “ஃபாஸ்டிங் சுகர்தானே, நாளைக்குக் காலைல வந்து குடுத்துட்டுப் போங்க.” நாளைய இரத்தத்தை இன்றைய முதுகு நீரோடு எப்படி ஒப்பிடுவது? என் கணவர் பொறுமையாக விளக்கிப் பார்த்தார். “டாக்டர்கிட்ட பேசிக்குங்க சார்” என்பதோடு முடிந்தது.

அந்த 34-ஐ மட்டும் வைத்து முடிவு சொல்ல மருத்துவர் தயாராக இல்லை. மறுபடி ஊர் திரும்பி, மறுபடி அட்மிஷன். இரண்டாம் முறை நான் பில்லைக் கையில் வைத்து வரிக்கு வரி படித்தேன். சிஸ்டரிடம் சாம்பல் மூடிக் குழாயைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, “நல்லதுதாம்மா, நீங்களே பாத்துக்குங்க” என்றார். இரத்தம் 92, முதுகு நீர் 35. பாதிக்கும் கீழே, குளுட்-1 குறைபாடுதான். மரபணுப் பரிசோதனையும் பிறகு அதையே சொன்னது.

மருந்துச் சீட்டையும் இந்த நோயின் கண்ணால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஃபீனோபார்பிடோன், வால்ப்ரோயேட் போன்ற சில வலிப்பு மருந்துகளும், வீசிங்குக்குத் தரும் தியோஃபிலினும் குளுட்-1 வேலையை இன்னும் தடுக்கக்கூடியவை. காபி, டீயும் அப்படியே. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், ஆனால் கேளுங்கள்.

சிகிச்சை கீட்டோ உணவு, அதாவது மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பை மிகுதியாகக் கொடுப்பது. “சர்க்கரை இல்லாம மூளை எப்படிம்மா வேலை செய்யும்?” என்று வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். 1967-இல் பாஸ்டனில் மருத்துவர் கேஹிலும் குழுவினரும் வாரக்கணக்கில் உண்ணாமல் மருத்துவமனையில் இருந்தவர்களிடம் அளந்து பார்த்தபோது, மூளை பெரும்பகுதி, கொழுப்பிலிருந்து உடல் உண்டாக்கும் கீட்டோனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொழுப்பை நேரடியாக மூளை எரிபொருளாக எடுத்துக்கொள்வதில்லை. கல்லீரல் அதைக் கீட்டோனாக்கி அனுப்பினால் எடுத்துக்கொள்ளும். கீட்டோன் உள்ளே போகும் வாசல் வேறு, குளுட்-1 இல்லாவிட்டாலும் அது திறந்தே இருக்கும். என் மகளுக்குத் தேவைப்பட்டது அந்த வாசல்தான். வலிப்புக்கு இந்த உணவை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவர் வைல்டர் 1921-இலேயே முன்வைத்துவிட்டார், இணையத்தில் எடை குறைக்கச் சொல்லும் கீட்டோவுக்கு எத்தனையோ காலம் முன்பு.

அட்மிஷனும் உணவு தொடங்கியதும் சுமுகமாகவே போயின. உடலால் கொழுப்பை எரிபொருளாக்க முடியாத அரிய குறைபாடுகள் இல்லையென்று முன்பே இரத்தத்தில் உறுதி செய்தார்கள். அதைச் செய்யாமல் யாரும் வீட்டில் தொடங்கிவிட வேண்டாம். விகிதம் 4:1, அதாவது மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம். அவளுக்கு ஒரு நாள் முழுவதற்கும் மாவுச்சத்து 12 கிராம்தான். ஒரே ஒரு இட்லி ஒரு வேளைக் கணக்கைத் தாண்டிவிடும். முட்டை, பனீர், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று எல்லாவற்றையும் கிராம் தராசில் நிறுத்துச் சமைக்கிறேன். தட்டில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் வழித்துக் கொடுக்க வேண்டும். அதுவும் கணக்கில் சேர்ந்ததுதான்.

சமையலைவிட மருந்துக்கடைதான் என்னைப் படுத்தியது. மாத்திரை என்று எழுதியிருக்க, ஸ்டாக் இல்லை, அதே மருந்துதான் என்று சிரப்பை நீட்டுகிறார்கள். குழந்தைகள் சிரப்பில் சர்க்கரைப் பாகு இருக்கும். சுகர்-ஃப்ரீ என்று அட்டையில் போட்டிருந்தாலும் சார்பிடால் இருந்தால் அதையும் மாவுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்று டயட்டீஷியன் சொல்லியிருக்கிறார். பற்பசை வரைக்கும் இப்போது அட்டையைப் படித்துத்தான் வாங்குகிறேன்.

எல்லாவற்றிலும் முக்கியமானது டிரிப்ஸ். காய்ச்சலும் வாந்தியுமாக உள்ளூர் நர்சிங் ஹோமுக்கு ஓடினோம். பழக்கத்தில் குளூக்கோஸும் உப்பும் கலந்த டிஎன்எஸ் பாட்டிலை மாட்டப் போனார்கள். அதன் 500 மில்லியில் 25 கிராம் குளூக்கோஸ் இருக்கிறது, அவளுடைய இரண்டு நாள் அளவுக்கும் மேல். கீட்டோன் சரிந்தால் வலிப்பு திரும்பிவிடும். நான் பாட்டிலைக் கையால் பிடித்துக்கொண்டு, மருத்துவர் கையெழுத்திட்டு முத்திரை வைத்த கடிதத்தை நீட்டினேன். டியூட்டி டாக்டர் இளையவர். நின்று முழுக்கப் படித்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டு, “சரிம்மா, நார்மல் சலைனே போடலாம்” என்றார். அன்றிரவு வலிப்பு வரவில்லை.

அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, அவசரத்தில் யாரும் நான்கு பக்கம் படிக்க மாட்டார்கள். ஒரே பக்கத்தில் நோயின் பெயர், டெக்ஸ்ட்ரோஸ் (டிரிப்ஸில் வரும் குளூக்கோஸ்) வேண்டாம், இரத்தச் சர்க்கரை எந்த அளவுக்கு இறங்கினால் மட்டும் கொடுக்கலாம், தவிர்க்க வேண்டிய மருந்துகள், அழைக்க வேண்டிய எண் ஆகியவை இருக்கட்டும். இறங்கினால் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால் அந்த அளவு கட்டாயம் எழுதியிருக்க வேண்டும். எங்களிடம் இருப்பதன் நகல்கள் பள்ளிப் பையிலும், வண்டியிலும், ஊரில் என் அம்மா வீட்டிலும் இருக்கின்றன. படம் எடுத்துக் குடும்பத்தில் எல்லோர் போனிலும் போட்டிருக்கிறோம். மொழி தெரியாத ஊருக்குப் போனால் ஆங்கிலத்திலும் ஒன்று தேவைப்படும்.